முகம் வேண்டாத கல்

மயிலாப்பூரில் காலை வேளையில் யாரையாவது பார்த்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிடாதீர்கள். பினாங்கில் அது எங்களுக்கு வணக்கம் சொல்கிற மாதிரி. இங்கே நாங்கள் தங்கிய வீட்டுக்கார பங்கஜம் மாமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏன், எங்காத்துல யாரும் பட்டினி கெடக்கலையே?" என்றார். வந்து இறங்கிய முதல் நாளே கெட்ட பெயர்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். பெயர் செசிலியா, தொழில் தையல் டீச்சர், மதம் கத்தோலிக்கம், வாய் கொஞ்சம் நீளம். அறுபதுகளின் கடைசியில் மெட்ராஸுக்கு வந்தது என் சொந்த வேலையாக அல்ல, ஹன்னா மேமுக்குத் துணையாக. நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். யூதர். தாத்தா காலத்தில் பாக்தாத்திலிருந்து பினாங்குக்கு வியாபாரம் செய்ய வந்த குடும்பம். எழுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. நாங்கள் இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். இங்கே அவர் பேசியதாக எழுதுவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு.

வந்த காரியம் இதுதான். மேமுடைய தம்பி எஸ்ரா வாலிப வயதில் பவளம் விற்க மெட்ராஸ் வந்தவர், காய்ச்சல் கண்டு இங்கேயே இறந்துபோனார். அப்போது இங்கிருந்த சில யூதக் குடும்பங்கள் அவரை அடக்கம் செய்தன. கல் வைப்பதற்குள் உலகச் சண்டை வந்தது, பினாங்குக்கு ஜப்பான்காரன் வந்தான், வீட்டிலிருந்த சாமான்களோடு போட்டோக்களும் போயின. தம்பியின் குழிமேல் இன்றுவரை ஒரு கல் இல்லை. இப்போது மேம் பினாங்கு வீட்டை விற்றுவிட்டு லண்டனில் மகளோடு போய் இருக்கப்போகிறார். "நான் போனபிறகு அவன் எங்கே கிடக்கிறான் என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. பெயரையாவது கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போகிறேன்" என்றார். திரும்பும் கப்பலுக்கு முன்னால் கல் நின்றாக வேண்டும். மறுபடி வருகிற வயது அவருக்கு இல்லை.

பங்கஜம் மாமியின் மகனுக்குப் பினாங்கில் பேங்கு வேலை. அவன் சொல்லித்தான் மாமி முன்அறையைக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "மாமிசம் கீமிசம் உள்ள வரப்படாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதை நான் தயங்கித் தயங்கி மேமிடம் சொன்னேன். மேமுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. யூதர்கள் பாலையும் மாமிசத்தையும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது, ஒன்று வைத்த பாத்திரத்தில் மற்றதை வைக்கவும் கூடாது. எங்கே போனாலும் தன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைபவர் அவர். மாமிசமே நுழையாத சமையலறை என்றதும் தயிர், மோர், நெய், பாயசம் என்று ஒரு பிடி பிடித்தார்.

இரண்டாம் நாள் ஒரு ரகளை. சாதம் பிசைந்த கையோடு மேம் தயிர்ச் சட்டியை இழுத்துவிட்டார். "பத்துக் கையோட தயிரைத் தொடாதேங்கோ!" என்று மாமி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும். சாதத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் தயிரைத் தொடக்கூடாது என்று நான் விளக்கினேன். மேம் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், கண் பளபளக்க எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இவர் வீட்டிலும் சட்டம் இருக்கிறது!" என்றார் என்னிடம். மறுநாள் மாமி கொல்லைப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரிடமோ, "அந்த வெள்ளைக்கார மாமி நம்மவாளைவிட மடியா, ஆசாரமா இருக்கா. கூட வந்திருக்காளே, அவதான் எதையாவது தொட்டுண்டே இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. போகட்டும்.

கல்லுக்கு ஆள் கிடைத்தது சாந்தோம் பக்கம், கடற்கரைக்குப் போகிற ஒரு சந்தில். பெயர் முனுசாமி. அம்மியும் கொத்துவார், பிள்ளையாரும் செய்வார், கல்லறைக்கும் கல் வெட்டுவார். மேம் தம்பியின் பெயரை எபிரேய எழுத்தில் பெரிதாக எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். முனுசாமி அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்து, "இன்னாது, கொக்கி கொக்கியா கீது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேல இன்னா போடணும்? சிலுவையா, மாதாவா, ஏசுவா?"

"ஐயோ, சிலுவை கூடாது. இவங்க யூதங்க. ஏசுவை ஏத்துக்க மாட்டாங்க."

"அப்போ யார்தாம்மா இவுங்க சாமி?"

ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கியவள் நான். "பிதா மட்டும்தான். சுதனும் கிடையாது, மாதாவும் கிடையாது" என்று கணீரென்று சொன்னேன்.

"அப்பா சாமி மட்டும்."

"ஆமாம்."

"செரி, உடு. நான் பாத்துக்கறேன்."

என்ன கேட்கிறார் என்றார் மேம். சிலுவை வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர் நிம்மதியாகத் தலையசைத்தார். கப்பலுக்கு முன்னால் முடித்துவிடுவதாக முனுசாமி தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

வெள்ளிக்கிழமை தி.நகர் போனோம். மேமுக்கு வெள்ளை மேசைவிரிப்பு வேண்டும், எனக்குப் பாண்டி பஜாரைப் பார்க்க வேண்டும். பினாங்குக் கடைத்தெருவில் துணியைத் தொட்டால் கடைக்காரன் எழுந்து வருவான். இங்கே அவன் உட்கார்ந்தபடியே கடை முழுவதையும் நம் மடியில் விரித்துப் போட்டுவிடுகிறான். வேண்டாம் என்று எழுந்திருக்க மனசு வரமாட்டேன் என்கிறது. மேசைவிரிப்பு வாங்கப் போன நாங்கள் ஒரு மூட்டையோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் திரும்பினோம்.

லஸ் மூலையில் ரிக்‌ஷா செயின் அறுந்தது. மேம் வானத்தைப் பார்த்தார். சூரியன் அடங்கிக்கொண்டிருந்தது. வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், வண்டியில் ஏறக்கூடாது. சட்டென்று இறங்கிவிட்டார்.

"இன்னா பெரிம்மா, எறங்கிட்ட? ரெண்டு நிமிசம், மாட்டிட்டு போய்க்கினே இருக்கலாம்" என்றார் ரிக்‌ஷாக்காரர். நான் விஷயத்தைச் சொன்னேன். "வெள்ளிக்கெழமையா? அப்டி சொல்லு. எங்க ஊட்லயும் இன்னிக்கு கவிச்சி கெடையாது" என்று, மூட்டையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். கோயில் குளக்கரையில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். மல்லிகைக்கும் கற்பூரத்துக்கும் நடுவில் மேம் வேகவேகமாக நடந்தார். மெழுகுவத்தி ஏற்றுகிற நேரம் தவறிவிட்டதே என்று அவருக்கு வருத்தம். வீட்டு வாசலில் மாமி, "விளக்கேத்தியாச்சு, உள்ள வாங்கோ" என்றார். மேம் அந்தக் குத்துவிளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

மறுநாள் சனிக்கிழமை, மேம் எந்த வேலையும் செய்யக்கூடாத நாள். மாமி வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். மாமியின் பூஜை அலமாரியில் சாமிப் படங்களுக்கு நடுவே ஊசி நுழைய இடமில்லை.

"அவா ஆத்துல ஸ்வாமி படம் எப்படி இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

"படமே கிடையாது மாமி. சிலையும் கிடையாது. வைக்கக்கூடாது."

"அப்போ யாரைப் பாத்து வேண்டிக்கறா?"

மேமிடம் கேட்டேன். "நாங்கள் அவரைப் பார்ப்பதில்லை. பேசுவோம். அவர் கேட்பார். சில சமயம் கேட்காத மாதிரி இருப்பார், அப்போது சண்டை போடுவோம்" என்றார் மேம். "நீங்கள் சண்டை போட மாட்டீர்களா, செசிலியா?"

"நாங்கள் மாதாவிடம் சொல்லி அனுப்புவோம்" என்றேன்.

மேம் சிரித்துவிட்டார். "உன் கடவுளுக்கு அம்மா இருக்கிறார். அதுதான் எனக்கு இத்தனை வயதிலும் விளங்கவில்லை."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சேசுநாதருக்கு முகம் உண்டு, முடி உண்டு, கையில் காயம் உண்டு. அவர் பசித்தவர், அழுதவர், நண்பன் செத்தபோது கண்ணீர் விட்டவர். கடவுள் மனிதனாக இறங்கி வந்தார் என்பதுதானே எங்களுக்கு எல்லாம்? முகமே இல்லாத ஒருவரிடம் எப்படி ஒட்டிக்கொள்வது? கேட்டேவிட்டேன்.

"எங்கள் ஜெபத்திலும் தகப்பனே என்றுதான் கூப்பிடுகிறோம்" என்றார் மேம். "ஆனால் தகப்பனுக்குத் தாடி வரைந்து பார்த்ததில்லை. வரைந்தால் அவர் அந்தத் தாடிக்குள் அடங்கிவிடுவார். முகமில்லாத கடவுளோடு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன், ஒரு கஷ்டமும் இல்லை. எஸ்ராவின் முகம்தான் எனக்கு மறந்துபோய்விட்டது. அதுதான் பொறுக்கவில்லை."

இதை மாமிக்குச் சொன்னேன். மாமி வெற்றிலையை மடித்தபடி, "எல்லாம் சரி, பூவை எங்கே வைப்பா?" என்றார்.

கல் முடிகிறவரை சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் அடையாறு கடற்கரைக்கு பஸ் ஏறினோம். "உள்ள போ, உள்ள போ, நடுவுல கபடி ஆடலாம், அவ்ளோ எடம் கீது" என்று கண்டக்டர் கத்த, மேம் ஒரு மீன்கூடைக்கும் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கும் இடையில் நசுங்கியபடி வந்தார். கடலில் கணுக்கால்வரை நின்றார். பினாங்குக் கடல் இவ்வளவு கத்தாது என்றார். இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் முனுசாமி சொல்லியனுப்பினார். கல் தயார், வந்து பாருங்கள் என்று. கப்பலும் நெருங்கிவிட்டிருந்தது.

ஈரச் சாக்கை உருவினார். எழுத்துகள் அச்சடித்த மாதிரி இருந்தன, மேம் வாய்க்குள் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவர் பார்வை மேலே போனது. என் பார்வையும் போனது. எழுத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கிழவர் முகம். தாடி, நெற்றிச் சுருக்கம், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிய புருவம். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் மழமழவென்று இருந்தது.

"அப்பா சாமி" என்றார் முனுசாமி பெருமையாக. "நீங்க கேக்கல, நானா போட்டேன். சாமி இல்லாத கல்லு மொட்டையா நிக்கும்ல?"

"இது யார்?" என்று மேம் கேட்டார். "பிதா" என்று எப்படியோ சொன்னேன். அவர் கத்தவில்லை. பக்கத்தில் கிடந்த அம்மிக்கல்மேல் உட்கார்ந்தார். "இதை எஸ்ராவின் தலைமாட்டில் வைக்க முடியாது. பெயர் இல்லாமலே கிடந்தாலும் கிடக்கட்டும்" என்றார்.

அதை முனுசாமியிடம் சொன்னதும் அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இன்னாம்மா இது? அப்பா சாமி மட்டும்தான்னு நீதான சொன்ன? ராவும் பகலுமா குந்திக்கினு வெட்டிக்கிறேன். இப்போ வாணாம்னா?" வேறு கல் கிடைக்குமா என்றேன். "கல்லு வரணும், இழைக்கணும், இந்தக் கொக்கியெல்லாம் மறுபடி வெட்டணும். உங்க கப்பலுக்கு ஆவாது."

கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "செரி உடு. கொத்தி எடுத்துடறேன்."

"எடுக்கலாமா?"

"ஏன் எடுக்கக்கூடாது? கண்ணு இன்னும் தொறக்கலியே. கடசியா, சொந்தக்காரங்க எதிர்ல, கண்ணு தொறந்தாத்தான் சாமி. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். இப்போ வரிக்கும் இது வெறும் கல்லு." உளியை எடுத்து முகத்தின் நடுவில் வைத்தார்.

"ஐயோ, வேண்டாம்!"

கத்தியது நான்தான். மேம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு என்ன?"

"அது பிதாவின் முகம்."

"பிதாவுக்கு முகம் இல்லை."

"உங்களுக்கு இல்லை. எனக்கு உண்டு. சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் அந்தத் தாடியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். அதை உளியால் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன்."

"கல், செசிலியா. வெறும் கல்."

யூதரும் கல் என்கிறார், கண் திறந்து கும்பிடுகிறவரும் கல் என்கிறார். இடையில் நான் ஒருத்தி மட்டும் பைத்தியக்காரி மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் நாங்கள் முகத்துக்கு நேரே சண்டை போட்டது அன்றுதான்.

அப்போது உள்ளேயிருந்து முனுசாமியின் மனைவி அஞ்சலை ஈரக்கையோடு ஓடிவந்தார். "அடப்பாவி மனுசா! எங்க மாமனாரு மூஞ்சியவா ஒடைக்கப் போற?"

முனுசாமியின் கை நின்றது. "யார் முகம்?" என்றேன்.

"அப்பா சாமிய நான் எங்கம்மா பாத்தேன்?" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனுக்குத் தெரிஞ்ச அப்பா ஒருத்தர்தான். போன பங்குனில போய்ட்டாரு. போட்டோ ஒண்ணும் கெடையாது. கைக்கு ஞாபகம் இருந்திச்சி, வெட்டிட்டேன். பரவால்ல, கல்லுதான." சொன்னாரே தவிர, சுத்தியல் மேலே எழும்பவில்லை.

மேம் என் முழங்கையைப் பிடித்தார். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவர் எழுந்து கல்லருகே போனார். அந்த முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "கடவுள் என்றால் உடைக்கச் சொல்லியிருப்பேன். கொஞ்சமும் தயங்கியிருக்க மாட்டேன்" என்றார். "இது இவருடைய அப்பா. ஒரு முகம் மறந்துபோவது என்னவென்று எனக்குத் தெரியும். இன்னொருவருக்கு அதை நான் எப்படிச் செய்வேன்?" தாடிக்குக் கீழே, எழுத்துக்கு மேலே, விரலால் ஒரு கோடு இழுத்தார். "இங்கே பிளந்து எடுக்க முடியுமா, கேள்."

முனுசாமி அந்த இடத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "துளை போட்டு ஆப்பு எறக்கலாம். ஆனா வெடிப்பு ஓட்டம் மாறிச்சின்னு வெச்சிக்க, எழுத்தும் பூடும், எங்கப்பாவும் பூடுவாரு. ரெண்டும் இல்லாம நிக்கணும். யோசிச்சிக்க."

நான் யோசிக்கலாம் என்றேன். "செய்யட்டும்" என்றார் மேம்.

வரிசையாகத் துளை போடவே மதியமாகிவிட்டது. இரும்பு ஆப்புகளை இறக்கி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார், ஒரு சுற்று முடிந்து மறு சுற்று. அஞ்சலை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். மேம் கண்ணை மூடி எபிரேயத்தில் ஏதோ முணுமுணுத்தார். நான் பழக்கப்படி மாதாவிடம் சொல்லி அனுப்பினேன். திடீரென்று சத்தம் மாறியது. முனுசாமி சுத்தியலைக் கீழே போட்டார். கல் இரண்டாக விலகியது. ஒரு மூலை உடைந்து தெறித்துப் போயிருந்தது. எழுத்துகள் முழுசாக இருந்தன. முகமும் முழுசாக இருந்தது.

முனுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை மேமின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேம் என்னைப் பார்த்து, "இன்னும் கோபமா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். அது உண்மைதான்.

மறுநாள் ஊருக்கு வடக்கே இருந்த அந்தச் சின்னக் கல்லறைத் தோட்டத்துக்கு மாட்டுவண்டியில் கல்லை ஏற்றிப் போனோம். ஒரு மூலை உடைந்த, நினைத்ததைவிடக் குட்டையான கல். முனுசாமியே குழி தோண்டி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினார். மேம் அவர்கள் வழக்கப்படி தரையிலிருந்து ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கி அதன் தலையில் வைத்தார். பிறகு மேய்ப்பனைப் பற்றிய சங்கீதத்தை எபிரேயத்தில் சொன்னார். எங்கள் பைபிளிலும் அதே சங்கீதம்தான், நான் தமிழில் கூடவே சொன்னேன். என் மேய்ப்பன் தோளில் ஆட்டுக்குட்டியோடு நின்றார். அவருடைய மேய்ப்பன் எப்படி நின்றாரோ, எனக்குத் தெரியாது.

முனுசாமி கடப்பாரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா எங்கே என்று கேட்டேன். வீட்டில், அடுப்படிக்கு எதிர்ச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

"கண்ணு எப்போ திறக்கப்போறீங்க?"

அவர் தலையை ஆட்டினார். "தொறக்க மாட்டேம்மா. தொறந்தா சாமியாய்டுவாரு. அப்பறம் படையல் வெக்கணும், குளிக்காம கிட்ட போவக்கூடாது, எதுனா தப்பு பண்ணா பயப்படணும். எனுக்கு இன்னாத்துக்கு அது? அப்பாவாவே இருக்கட்டும்."

அதை மேமுக்கு மலாயில் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு குனிந்து, தம்பியின் பெயர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மெட்ராஸுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக வாய்விட்டு அழுதார்.